கிளிப் போட வந்தது அக்கா... அவசரம் தம்பிக்கு!

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றின் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மெடிக்கல் ஷாப் மாடியில் இருக்கிறது அந்தப் பல் கிளினிக். மற்ற நாள்களில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலே கூட்டம். இன்றைக்குப் படிக்கட்டு வரை செருப்புகள். காரணம், கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது: 'கிளிப் டாக்டர் முதல், மூன்றாம் சனிக்கிழமை மட்டும்.' சின்ன ஊர்களில் பல் சீரமைப்பு நிபுணர் இப்படித்தான் கிடைப்பார். காலையில் ஓர் ஊர், மாலையில் வேறோர் ஊர். காரின் பின் சீட்டில் கம்பிச் சுருள்களும் கொறடுகளும் அடங்கிய பெட்டி.

பெஞ்சில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. யார் பேச்சுக் கொடுத்தாலும் மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டே பதில் சொல்கிறாள். பக்கத்தில் அம்மா. அவர் மடியில் சாய்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருக்கிறான் எட்டு வயதுத் தம்பி. வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் அழைத்து வரப்பட்டவன்.

உள்ளே அக்காவுக்கு முறைப்படி எல்லாம் நடக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள், அச்சு எடுக்கிறார்கள். வாய் நிறைய ரோஸ் நிறப் பசையோடு அவள் குமட்ட, 'மூக்கால மூச்சு விடும்மா, கால் விரலை ஆட்டு' என்கிறார் உதவியாளர். முன்பற்கள் நன்றாகவே தூக்கியிருக்கின்றன. கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும், நாலு பல் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். 'அடுத்த வருஷம் பத்தாவது வருதே டாக்டர்...' என்று அம்மா இழுக்கும்போதுதான், செல்போனில் எதையோ ஜெயித்துவிட்டு அந்தப் பையன் வாய் திறந்து சிரிக்கிறான்.

'தம்பி, இங்க வா. பின்பல் படுற மாதிரி நல்லா கடி.'

கடிக்கிறான். கீழ் வரிசை, மேல் வரிசைக்கு முன்னால் வந்து நிற்கிறது.

'அது பால் பல்லுதானே டாக்டர்? விழுந்து முளைச்சா சரியாயிடும்ல?'

முன்னால் இருக்கும் நாலு மேற்பற்களும் விழுந்து முளைத்தவைதான். 'பொண்ணுக்குப் பத்தாவது முடிஞ்சப்புறம்கூட ஆரம்பிக்கலாம்மா. பையனுக்கு இந்த வருஷமே பண்ணணும்' என்கிறார் டாக்டர். அம்மாவின் முகத்தில் நம்பிக்கையில்லை. எட்டு வயசுக்குக் கிளிப்பா? செலவை இழுத்துவிடப் பார்க்கிறாரோ?

டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடையை அப்படி நகர்த்த முடியாது. அது வளர்ந்துகொண்டிருக்கும்போது மட்டுமே சொன்னபடி கேட்கும்.

பார்க்க வேண்டிய வயது

நம் வீடுகளில் பல் வரிசை பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில். பள்ளியில் எவனோ 'இவ பல்லுல தேங்காயே துருவலாம்டா' என்று சொல்ல, பிள்ளை அழுதுகொண்டு வரும் நாள். அடுத்தது, ஜாதகத்தை வெளியே எடுக்கும் நாள். இரண்டாவதில் கூடுதலாக ஒரு கெடுவும் இருக்கும்: 'தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க டாக்டர்.'

அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 7 வயதுக்குள் பிள்ளையை ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. அந்த வயதில் எல்லோருக்கும் கிளிப் போட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில், 'ஒண்ணும் இல்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்பதுதான். சிலருக்கு மட்டும் அந்த ஒரு பார்வை, பிற்காலத்தில் தாடை அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய விஷயத்தை ஒரு வருட வேலையாகச் சுருக்கிவிடும்.

கீழ்த்தாடை முந்திய கடி அப்படிப்பட்டது. மேல்தாடை பின்தங்கியதால் அது வந்திருந்தால், எட்டு, ஒன்பது வயதில் முகத்துக்கு வெளியே மாட்டும் ஒரு கவசத்தின் உதவியால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கலாம். பையன் இரவில் அதை மாட்டிக்கொண்டு தூங்கினாலே பெரும்பகுதி வேலை நடக்கும். பதினைந்து வயதில் இதே பையன் வந்தால், 'பதினெட்டு தாண்டட்டும், வளர்ச்சி நின்னப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்' என்பதுதான் பதிலாக இருக்கும்.

மேல்தாடை குறுகி, பக்கவாட்டில் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடிப்பதும் இதே கணக்குதான். மேல் அண்ணம் நடுவில் ஒரு கோட்டில் ஒட்டிய இரண்டு எலும்புத் துண்டுகள். சிறு வயதில் அந்த ஒட்டு இறுகியிருக்காது. அண்ணத்தில் திருகு வைத்த கருவி ஒன்றைப் பொருத்தி, சாவி கொடுத்து அம்மாவைத் தினமும் கால் சுற்று சுற்றச் சொல்வார்கள். ஒரு கால் சுற்றுக்கு கால் மில்லிமீட்டர். பத்து நாளில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து விழும்; அம்மாக்கள் பதறிப்போய் போன் செய்வார்கள். அண்ணம் விரிந்துவிட்டதற்கு அந்தச் சந்துதான் சாட்சி. அது தானாகவே மூடிக்கொள்ளும். பருவ வயது தாண்டி அந்த ஒட்டு இறுகிவிட்டால், இந்தச் சாவி வேலை எளிதில் பலிக்காது.

> பெட்டிச் செய்தி: எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும்?
>
> 3 – 4: விரல் சூப்பும் பழக்கம். இந்த வயதுக்குள் நின்றுவிட்டால் முன்பற்கள் பெரும்பாலும் தாமாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும்.
>
> 6 – 7: பால் பல் வரிசைக்குப் பின்னால் புதிதாகக் கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். முன்பற்கள் எதிர்மாறாகக் கடிக்கின்றனவா, தாடை ஒரு பக்கம் ஒதுங்கி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.
>
> 8 – 11: மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து இருப்பது பல பிள்ளைகளுக்கு இயல்பு. கோரைப்பல் இறங்கும்போது மூடிவிடும். அவசரப்பட்டுக் கிளிப் தேவையில்லை.
>
> 10 – 11: மேல் கோரைப்பல்லின் புடைப்பு ஈறுக்கு மேலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.
>
> 11 – 14: பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரவும், வழக்கமான கிளிப் சிகிச்சைக்கும் ஏற்ற காலம்.
>
> 18-க்கு மேல்: பல்லை நகர்த்தலாம். தாடை அளவை மாற்ற அறுவை சிகிச்சைதான் வழி.

பால் பல் என்ற அலட்சியம்

'விழப்போற பல்லுக்கு எதுக்கு காசு?' பல் டாக்டர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கிளிப் நாற்காலியில் வந்து உட்காரும் பதின்வயதினர் பலரின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பால் பல்லின் வேலை மெல்லுவது மட்டுமில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. பின்வரிசைப் பால் பற்கள் 10, 11 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. சொத்தை விழுந்து, வலி பொறுக்காமல் ஆறு வயதிலேயே அதைப் பிடுங்கிவிட்டால், அதன் பின்னால் முளைக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் மெல்ல முன்னால் சாய்ந்து அந்தக் காலியிடத்தை எடுத்துக்கொள்ளும். நான்கைந்து வருடம் கழித்து, இடத்துக்கு உரிய பல் முளைக்க வரும்போது இடம் இருக்காது. அது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும், அல்லது கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ தலையை நீட்டும்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அங்கே 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்ற சிறிய கம்பி வளையத்தைப் பொருத்தலாம். பக்கத்துப் பல்லில் ஒரு பட்டை, அதிலிருந்து காலியிடத்தைத் தாண்டி ஒரு கம்பி, அவ்வளவுதான். கிளிப்புக்கு ஆகும் செலவில் இது சிறு பங்குகூட இல்லை. ஆனால் இதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. சொல்லும் டாக்டர்களும் குறைவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் அது முளைக்கிறது. பல் விழவில்லையே, அப்படியானால் இதுவும் பால் பல்தான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். சொத்தை வந்தாலும் 'விழுந்துடும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல், பத்து வயதில் வேர் சிகிச்சைக்கோ பிடுங்குவதற்கோ வந்து நிற்கிறது. இந்தப் பல்லின் நிலையை வைத்துத்தான் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1899-ல் கடிவரிசைக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிளிப் டாக்டரின் கேஸ் ஷீட்டில் முதலில் எழுதப்படுவது அந்த வகை எண்தான்.

எதையெல்லாம் சரிசெய்யலாம்?

பல் நெருக்கம்தான் அதிகம் காணப்படுவது. தாடை சின்னது, பல் பெரியது, இடம் போதவில்லை. பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்களில் பிரஷ் நுழையாது. அங்கேதான் காரை படியும், ஈறு வீங்கும். நம் ஊரில் வெளியே தள்ளி நிற்கும் கோரைப்பல்லைத் தெத்துப்பல் அழகு என்று ரசிப்பவர்கள் நிறைய. ஜப்பானிலும் இதற்கு ரசிகர்கள் உண்டு. சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறது, உதட்டைக் குத்தவில்லை, பல்லுக்குச் சொந்தக்காரிக்கும் பிடித்திருக்கிறது என்றால் தெத்துப்பல்லை யாரும் நேராக்கத் தேவையில்லை. 'கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்' என்று பிள்ளைவீட்டார் சொல்கிறார்கள் என்பதற்காக நிச்சயமாகத் தேவையில்லை.

தூக்கிய முன்பற்களைக் கிண்டலுக்குப் பயந்துதான் காட்ட வருகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து விழுந்து அடிபடுவது. மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நீட்டியிருந்தால், அடிபட்டு உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று ஆய்வுகள் சொல்கின்றன. சைக்கிளிலிருந்து விழுவது, கபடியில் முட்டிக்கொள்வது, அடிபம்பின் கைப்பிடி முகத்தில் அடிப்பது... இப்படி முன்பல் பாதியாக உடைந்து வரும் பிள்ளைகளுக்கு உதடு மூடாத பல் வரிசை இருந்திருப்பதைப் பார்க்கலாம். இவர்களுக்குப் பத்து வயது வாக்கிலேயே சிகிச்சை தொடங்குவதால் கடைசியில் கிடைக்கும் முக அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. பல் உடையும் அபாயம்தான் குறைகிறது. கிண்டலும் நிற்கிறது என்றால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

திறந்த கடி வேறு ரகம். பின்பற்கள் சேரும், முன்பற்கள் சேராது. தோசையை முன்பல்லால் கடித்துப் பிய்க்க முடியாமல், பக்கவாட்டில் தள்ளி இழுப்பார்கள். 'ஸ' சொன்னால் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் காரணம் விரல் சூப்புதல், அல்லது விழுங்கும்போது நாக்கை முன்னால் தள்ளும் பழக்கம். வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்பது, அடிப்பது, பிறர் முன்னால் கேலி செய்வது எல்லாம் நாம் பார்த்தவைதான். அடித்தால் பிள்ளை போர்வைக்குள் ஒளிந்து சூப்பும். அண்ணத்தில் கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்தினால் விரலுக்குச் சுகம் போய்விடும். பிள்ளை தானே விடும். பழக்கத்தை நிறுத்தாமல் பல்லை மட்டும் இழுத்துக் கட்டினால், கிளிப்பைக் கழற்றிய சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும் பிள்ளையைப் பல் டாக்டருக்கு முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். அடினாய்டு சதை மூக்கை அடைத்திருந்தால் பிள்ளை வாயால்தான் மூச்சு விடும். நாக்கு கீழேயே கிடக்கும், மேல் அண்ணம் குறுகி உயரும், முகம் நீளும்.

ஆழ்ந்த கடி வெளியே தெரியாததால் தப்பித்துவிடுகிறது. மேற்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மறைத்திருக்கும்; வாயைத் திறந்தால் அண்ணத்தில் கீழ்ப்பற்கள் பதிந்த தடம் இருக்கும். சிலருக்கு அது ஆறாத புண்.

உள்ளேயே மாட்டிக்கொண்ட கோரைப்பல்லுக்கு நேரம்தான் முக்கியம். ஸ்வீடனில் எரிக்சன், குரோல் என்ற இரு மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுக்குள் மேலே இருக்கும் பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அண்ணத்தின் பக்கம் திசைமாறிப் போய்க்கொண்டிருந்த நிரந்தரக் கோரைப்பற்களில் 78 சதவிகிதம், கிளிப் இல்லாமலே சரியான பாதைக்குத் திரும்பின. ஒரு பால் பல்லைப் பிடுங்குவது ஐந்து நிமிட வேலை. தவறவிட்டால் ஈறைத் திறந்து, புதைந்த பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்து இறக்க வேண்டும்.

கம்பி கட்டினால் பல் எப்படி நகர்கிறது?

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. கம்பி ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன. இழுபடும் பக்கம் எலும்பைக் கட்டும் செல்கள் வருகின்றன. கரைவதும் கட்டுவதும் சேர்ந்து நடந்தால்தான் பல் நகரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். வேகமாக இழுத்தால் எலும்பு கரைவதற்குப் பதில் வேர் நுனி கரையும். 'ஆறே மாதத்தில் அழகான பல் வரிசை' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்த 1 மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-லேயே பல்லை நேராக்க உலோகப் பட்டை கட்டியது பற்றி எழுதியிருக்கிறார். இன்றைய மாற்றத்துக்குக் காரணமான கம்பி, பல்லுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான நிக்கல்-டைட்டேனியம் உலோகம் அது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும். ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரீசன் 1970-களின் தொடக்கத்தில் அதை வாய்க்குள் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை முறுக்கி இறுக்கும் வேதனை அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது.

இரண்டு வருடக் குடித்தனம்

கிளிப் போட்ட முதல் மூன்று நாள் பல் கூசும், வலிக்கும். ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம் என்று ஓட்ட வேண்டும். கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் டாக்டர் தரும் மெழுகை உருட்டி ஒட்டலாம். பிறகு வாய் பழகிவிடும். பழகாமல் இருப்பது பாட்டிதான். முறுக்கு, சீடை, தட்டை, கடலைமிட்டாய், பொங்கலுக்கு வரும் கரும்பு எதையும் கடிக்கக்கூடாது என்றால், 'அப்ப பிள்ளை எதைத்தான் தின்னும்?' என்பார். கடித்தால் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் கழன்றுவிடும். ஒவ்வொரு பிராக்கெட் கழலும்போதும் சிகிச்சை சில வாரம் தள்ளிப்போகும். கொய்யாவை நறுக்கித் தின்னலாம், முழுதாகக் கடிக்கக்கூடாது.

கம்பியைப் பிராக்கெட்டில் பிடித்து வைக்கும் ரப்பர் வளையங்கள் எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஐ.பி.எல். வந்தால் சென்னை ரசிகர்கள் மஞ்சள் கேட்பார்கள். பல்லே மஞ்சளாகத் தெரியும் என்று டாக்டர் தடுத்துப் பார்ப்பார். 'வெளியே தெரியக்கூடாது' என்று கூடுதல் பணம் கொடுத்து செராமிக் கிளிப்பும் நிறமில்லாத ரப்பரும் போட்டுக்கொண்டவர்களுக்கு வேறொரு அனுபவம்: வீட்டுச் சாம்பாரில் இருக்கும் மஞ்சள்தூள் ஒரே வாரத்தில் அந்த ரப்பரை மஞ்சளாக்கிவிடும்.

உண்மையான சேதம் பிரஷ் விஷயத்தில்தான் நேர்கிறது. கிளிப்பைச் சுற்றிச் சாப்பாட்டுத் துணுக்கு தங்கி, எனாமலில் சுண்ணாம்புச் சத்து கரைந்தால், கழற்றும் நாளில் பல் வரிசை நேராகவும் ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக ஒரு வெள்ளைத் திட்டும் இருக்கும். அந்தத் திட்டு போவது கடினம். இரண்டு வேளையும் துலக்காத பிள்ளைக்கு 'முதலில் துலக்கப் பழகு, பிறகு கிளிப்' என்று திருப்பி அனுப்பும் டாக்டரைப் பெற்றோர் திட்டக்கூடாது.

பல் எடுப்பது பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இடம் மிகவும் குறைவாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் கோரைப்பல்லை ஒட்டிய முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுப்பார்கள். ஒன்று சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் மற்றவை நகர்ந்து வரிசையாகும், ஓட்டை நிற்காது. அதற்காக எல்லோருக்கும் நாலு பல் எடுக்க வேண்டும் என்பதுமில்லை. ஏன் எடுக்கிறோம் என்று அச்சையும் எக்ஸ்ரேயையும் காட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

> பெட்டிச் செய்தி: கிளிப்பால் ஆகாதவை
>
> பல்லின் நிறம் மாறாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடால் வரும் பழுப்புக் கறைக்கும் கிளிப்புக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், அந்தக் கறை படிந்த எனாமலில் பிராக்கெட் சரியாக ஒட்டாமல் அடிக்கடி கழலும். ஒட்டுவதற்கு டாக்டர் கூடுதலாக மெனக்கெட வேண்டும்.
>
> ஞானப்பல் முளைப்பதால்தான் முன்பற்கள் கோணுகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை.
>
> ஆடும் பல்லைக் கம்பி போட்டு இறுக்கிவிடலாம் என்பதும் தவறு. ஈறு நோயை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அதையும் கட்டுப்படுத்திய பிறகே பல்லை நகர்த்துவது பற்றி யோசிக்கலாம்.

தெரியாத கிளிப்பும் ஆன்லைன் ஆசையும்

ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இப்போது கேட்பது அலைனர். கண்ணாடிபோல ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை. ஸியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் கலிஃபோர்னியாவில் 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம்தான் இதை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு உறையும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவில் நகர்த்தும். ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். சாப்பிடும்போது கழற்றலாம் என்பதால் முறுக்குக்குத் தடையில்லை. ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மணிக்கொரு டீ குடிப்பவருக்கு அந்தக் கணக்கு உதைக்கும். லேசான நெருக்கம், சந்து போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்கிறது. பெரிய சுழற்சி, புதைந்த பல், பல் எடுத்து மூட வேண்டிய கேஸ்களில் சாதாரண உலோகக் கிளிப்புக்கே கட்டுப்பாடு அதிகம். விலையும் உலோகக் கிளிப்பைப்போல் பல மடங்கு.

வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் தபாலில் அலைனர் வந்துவிடும் என்ற வியாபாரமும் நடந்தது. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது, டிசம்பரில் மூடிவிட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவிப்பும் வந்தது.

அதைவிட மோசமானது யூடியூப் பார்த்துச் செய்யும் ரப்பர் பேண்ட் வைத்தியம். முன்பல் சந்தை மூட இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டுகிறார்கள். பல் வேர் நுனியை நோக்கிக் குறுகிப்போகும். ரப்பர் மெல்ல ஈறுக்குள் நழுவி, வேரைச் சுற்றி எலும்பை அரித்துக்கொண்டே மேலேறும். கண்ணுக்குத் தெரியாததால் கழன்று விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். இப்படி இரண்டு நல்ல முன்பற்களையும் இழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் படங்களோடு பதிவாகியிருக்கிறது.

பணம், படிப்பு, காத்திருப்பு

தனியார் கிளினிக்கில் உலோகக் கிளிப்புக்கு ஊரைப் பொறுத்து ₹30,000 முதல் ₹60,000 வரை ஆகலாம். செராமிக் அதற்கு மேல். அலைனர் லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதை 'அழகு சிகிச்சை' என்று ஒதுக்கிவிடுகின்றன. அண்ணத்தில் கீழ்ப்பல் குத்திப் புண்ணான பிள்ளைக்கு இதில் என்ன அழகு இருக்கிறது என்று கேட்பாரில்லை. பெரும்பாலான கிளினிக்குகளில் முன்பணம் கட்டிவிட்டு, ஒவ்வொரு மாதமும் கம்பி மாற்ற வரும்போது மீதியைத் தவணையாகக் கட்டலாம்.

சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், சிதம்பரத்திலும், 2023-ல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியிலும் செலவு மிகக் குறைவு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைவாகவே ஆகும். பேராசிரியர்களின் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் சிகிச்சை தருவார்கள். காத்திருக்க வேண்டும், மாதம் ஒரு வேலைநாள் போகும். அந்த நாளின் கூலியையும் பஸ் காசையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பாதியில் நின்ற கிளிப் வாயில் இருப்பது, கிளிப்பே இல்லாததைவிடக் கெடுதல்.

யாரிடம் போவது? ஐந்து வருட பி.டி.எஸ். முடித்தவர் பல் டாக்டர். அதற்கு மேல் மூன்று வருடம் இந்தத் துறையில் எம்.டி.எஸ். படித்தவரே பல் சீரமைப்பு நிபுணர். கிளிப் போடுபவர் யார், மாதா மாதம் பார்க்கப்போவது யார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். டாக்டர் ஊர் மாறினால் கேஸை யார் எடுத்துக்கொள்வார் என்பதையும் கேட்க வேண்டும். மாதம் இருமுறை வந்துபோகும் டாக்டர்களைச் சார்ந்திருக்கும் சின்ன ஊர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

பணமோ அழகோ பேச்சாகவே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. உலகில் சுமார் 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அண்ணத்துக்குத் தட்டு வைப்பது, எட்டு முதல் பதினோரு வயதுக்குள் பிளவில் எலும்பு வைக்கும் முன் தாடையை விரிப்பது, பிறகு வரிசை அமைப்பது என்று பதினெட்டு வயது வரை பல் சீரமைப்பு நிபுணரின் கை தேவைப்படுகிறது.

கழற்றிய பிறகு

கிளிப் கழற்றும் நாளில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர் அடுத்த சந்திப்புக்கு வருவதில்லை. நகர்ந்த பல்லைச் சுற்றியிருக்கும் நார்கள் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கப் பல்லில் மாட்டிக்கொள்வதுதான் ரிடெய்னர். வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது கிளிப் போடாதவர்களுக்கும் நடப்பதுதான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் சக மருத்துவர்களும், பல் எடுத்துக் கிளிப் போட்ட 65 பேரை ரிடெய்னரை நிறுத்தி 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் வரிசை மறுபடியும் கலைந்திருந்தது. 1981-ல் இந்த முடிவு வெளியான பிறகு, 'ஒரு வருஷம் போட்டால் போதும்' என்று துணிந்து சொல்லும் டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள். முதலில் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும், பல் இருக்கும்வரை என்பதே இப்போதைய அறிவுரை.

ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் இலையோரம் வைத்த ரிடெய்னர் இலையோடு போய்விடும். ஹோட்டலில் டிஷ்யூவில் சுற்றி வைத்ததை டேபிள் துடைப்பவர் எடுத்துப் போட்டுவிடுவார். மறப்பவர்களுக்குப் பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடலாம். ஆனால் அதன் ஒரு முனை விடுபட்டால் தெரியாது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ரிடெய்னர் தொலைந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்ய வேண்டும். 'பரீட்சை முடியட்டும்' என்று இரண்டு மாதம் தள்ளிவிட்டுப் போனால், பழைய அச்சை வைத்துச் செய்த புது ரிடெய்னர் பல்லில் ஏறாது.